என் பெயரில் போன கடிதமும் பாஸ்வேர்டின் பழைய கதையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வரலாற்று வாத்தியாருக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. 1988-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர், இப்போது ஷார்ஜாவில் இருக்கிறார். எடுத்த எடுப்பில், "சார், எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?" என்றார். நான் கையில் முருங்கைக்காயோடு நிற்கிறேன்! அதற்குள் அடுத்த போன். பிரான்சிலிருந்து சித்தப்பா மகன். "அண்ணே, என்ன ஆச்சு? அண்ணி எங்க?" பத்து மணிக்குள் பதினேழு பேர் பேசிவிட்டார்கள்.

என் மின்னஞ்சலிலிருந்து எல்லோருக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. அவசர அறுவை சிகிச்சை, போனில் பேசும் நிலையில் இல்லை, இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பினால் வாரக் கடைசியில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எழுதி, கீழே என் பெயர். பெரும்பாலானவர்கள் போன் செய்து கேட்டுவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் கேட்கவில்லை. 12,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அவரும் ஆசிரியைதான், ஒரு சிறிய தனியார் பள்ளியில். அது அவருடைய ஒரு மாதச் சம்பளம். "ஏம்மா, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். "நீங்க கேட்டு, நான் எப்படி சார் கேள்வி கேக்கறது?" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தவறு என்னுடையதுதான். அதற்கு மூன்று நாள் முன்பு, உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. பயத்தில் அந்த இணைப்பைத் தொட்டேன். நான் தினமும் பார்க்கும் பக்கம் போலவே ஒன்று திறந்தது. பாஸ்வேர்டை நானே என் கையால் அடித்துக் கொடுத்தேன். பூட்டை யாரும் உடைக்கவில்லை. திருடனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு "வாங்க" என்றிருக்கிறேன்.

அதன்பின் இந்தப் பாஸ்வேர்டு என்பது எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி மனிதரைப் படுத்துகிறது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஜீரணம் ஆகாது.

முதலில் நம் ஊரிலேயே தொடங்குவோம். அரிக்கமேட்டுக்கு உங்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அந்த மேட்டில் கிடைத்த, ஒரு தலை செதுக்கிய மணிக்கல்லை 1937-இல் பார்த்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், அதை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அடையாளம் கண்டார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்ததும், ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்ததும் நீங்கள் பரீட்சைக்குப் படித்தவை. இப்படி உருவம் செதுக்கிய கல்லை ரோமானியர்கள் மோதிரத்தில் பதித்து, கடிதத்தின் மீது மெழுகை வைத்து அழுத்துவார்கள். முத்திரை சரியாக இருந்தால் கடிதம் உண்மை. அகஸ்டஸ் முதலில் ஸ்பிங்ஸ் உருவத்தையும், பிறகு அலெக்சாந்தரின் முகத்தையும், கடைசியில் தன் முகத்தையுமே முத்திரையாக வைத்திருந்தார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். நம் பக்கத்திலும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பொதிகளின் மேல் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கையில் இருக்கும் ஒரு பொருளைக் காட்டி "இது என்னுடையது, நான்தான்" என்று மெய்ப்பிப்பது ஒரு வழி.

இன்னொரு வழி, மனதில் இருக்கும் ஒரு சொல். ரோமப் படையில் தினமும் மாலை ஒரு ரகசியச் சொல்லை மரப்பலகையில் எழுதி, படைப்பிரிவு படைப்பிரிவாகக் கைமாற்றுவார்கள். இருட்டுவதற்குள் பலகை தலைவரிடம் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் எந்தப் பிரிவில் நின்றது என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாலிபியஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இன்றைய ஓ.டி.பி.யும் இந்தக் குடும்பம்தான். ஒரு முறைக்கு ஒரு சொல், அதன் ஆயுள் கொஞ்ச நேரம்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் உறுதி. இது நம் ராமாயணத்திலேயே இருக்கிறது. மாறுவேடத்தில் வந்தவனை நம்பி ஏமாந்தவள் சீதை. அசோகவனத்தில் அனுமன் வந்து நின்றபோது அவள் சந்தேகப்படுகிறாள். அனுமன் கொண்டுபோனது கணையாழியை மட்டுமல்ல. ராமனும் சீதையும் மட்டுமே அறிந்த அடையாளச் செய்திகளையும் சேர்த்துத்தான் ராமன் சொல்லி அனுப்பியதாகக் கம்பர் பாடுகிறார். மோதிரத்தைத் திருடலாம். சொல்லை ஒட்டுக் கேட்கலாம். இரண்டையும் ஒரே ஆள் வைத்திருப்பது கடினம். இன்று "இரண்டு படி சரிபார்ப்பு" என்று சொல்வது இதைத்தான். பாஸ்வேர்டு மனதில் இருக்கும் சொல், செல்போன் கையில் இருக்கும் கணையாழி.

இனி கணினிக்கு வருவோம். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்குபோட்டுப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. பலர் புழங்கும் இடத்தில் அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் தெரிய வேண்டும். அதற்காக ஆளுக்கொரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். கணினிப் பாஸ்வேர்டு இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது.

அடுத்த வருடமே திருட்டும் வந்துவிட்டது! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. பாஸ்வேர்டு எல்லாம் இருந்த கோப்பை அச்சடிக்கச் சொல்லி, துளையட்டை வழியாகக் கணினிக்கே உத்தரவு கொடுத்தார். அதுவும் சொன்னபடி அச்சடித்துக் கொடுத்தது. மற்றவர்கள் பெயரில் உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டார். கால் நூற்றாண்டு கழித்து அவரே ஒப்புக்கொண்டார். 1966-இல் இன்னொரு கூத்து. மென்பொருள் பிழையால் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போயின. அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டும் எல்லோருடைய முனையத்திலும் வந்து நின்றது.

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்தால் இதுதான் கதி என்று புரிந்தது. அதற்கு வந்த தீர்வை எங்கள் வீட்டு மாவு மில் கணக்கில் சொல்கிறேன். அரிசியை அரைத்தால் மாவாகும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே மாதிரி அரைத்தால் அதே மாவு வரும். நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டை நிறுவனத்தின் கணினி ஒரு கணக்கு முறையில் அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுமுறை நீங்கள் அடிக்கும்போது அதையும் அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. உங்களில் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள், "மறந்துபோன பாஸ்வேர்டை ஏன் சார் திருப்பிச் சொல்ல மாட்டேங்கறான், புதுசா வைக்கச் சொல்றான்?" என்று. ஒழுங்கான நிறுவனத்திடம் உங்கள் அரிசி இல்லை, மாவுதான் இருக்கிறது. அதனால்தான்.

இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்க வேண்டும் என்பதற்காக, அரைக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபட்ட சில எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு! ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார்கள். அதே கட்டுரையில் மனித சுபாவத்தையும் அளந்து காட்டினார்கள். 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்ததில் 2,831 பாஸ்வேர்டுகள், அதாவது 86 சதவீதம், மிகச் சிறியவையாகவோ அகராதியில் உள்ள சொற்களாகவோ இருந்தன. ஒரே ஒரு எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்தவர்கள் 15 பேர்! 1988-இல் அதே மோரிஸின் மகன் எழுதிவிட்ட ஒரு நிரல், எளிய பாஸ்வேர்டுகளை ஊகித்தும் கணினி கணினியாகப் பரவி, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அப்பா எச்சரித்தார், மகன் நிரூபித்தார்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 4-இல், பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவர் நண்பர் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலை ஆரம்பித்தார்கள். சொந்தக் கணினி இல்லாதவனும் எந்தக் கணினியிலும் உட்கார்ந்து தன் கடிதத்தைப் படிக்கலாம் என்பது அதனால்தான் வந்தது. கடிதம் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திறக்கும் என்றால், அதற்கு ஒரே காவல் அந்தப் பாஸ்வேர்டுதான்.

1999-இல் பிரான்சு உறவுகளுக்காக நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன், புதுச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில். அங்கிருந்த தம்பிதான் எல்லாம் செய்து, அவனே ஒரு பாஸ்வேர்டு வைத்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். சீட்டு சட்டைப் பையில் இருந்தது. சட்டை துவைக்கப் போனது. கதை முடிந்தது. அடுத்த முறை மறக்காமல் இருக்க, மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும் சேர்த்து வைத்தேன். அதையே மின்சாரக் கட்டணத்துக்கும், ரயில் டிக்கெட்டுக்கும், பார்த்த இடத்திலெல்லாம் வைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் அதே சாவி. உங்களில் எத்தனை பேர் இதைப் படித்துச் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, ஊகிப்பது. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் தேர்தலில் நின்ற சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தார். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று சொல்லி, பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய கேள்விகளுக்கு இணையத்தில் தேடிப் பதில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் வேலை. நாமோ பேரன் பிறந்த நாள், படித்த பள்ளி, சொந்த ஊர் எல்லாவற்றையும் இங்கேயே எழுதுகிறோம். இரண்டாவது, ஓரிடத்தில் போனது எல்லா இடத்திலும் போவது. 2013-இல் யாஹூ நிறுவனத்தில் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகளின் விவரங்களும் போயின என்று 2017-இல் அறிவித்தார்கள். இப்படிக் கிடைக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு, அதே முகவரியும் அதே பாஸ்வேர்டும் வேறு எங்கே திறக்கிறது என்று இயந்திரமே முயன்று பார்க்கும். ஒரே சாவியில் பத்து வீடு என்றால், ஒரு வீட்டுச் சாவி தொலைந்தால் பத்து வீடும் போச்சு.

ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று எல்லோரையும் வாட்டிய விதியை 2003-இல் அமெரிக்க அரசின் தர நிறுவனத்துக்காக எழுதியவர் பில் பர். 2017-இல் அவரே, அந்த அறிவுரையில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொன்னார். காரணம், மனிதர்கள் கடைசியில் 1 இருந்த இடத்தில் 2 என்று மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த நிறுவனமே இப்போது நீளம்தான் முக்கியம், திருட்டுப் போனதாகத் தெரிந்தால் ஒழிய அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறது. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோர்த்தால் போதும். நமக்கு ஞாபகம் இருக்கும், ஊகிப்பவனுக்குத் தலை சுற்றும்.

இன்னொரு ஆறுதல். பாஸ்வேர்டைக் கணினிக்குக் கொண்டுவந்த கோர்பட்டோ, தன் 87-ஆவது வயதில் ஒரு பேட்டியில், இது ஒரு கொடுங்கனவாகிவிட்டது என்று சொன்னார். தன் பாஸ்வேர்டுகளை மூன்று பக்கத் தாளில் எழுதி வைத்திருந்தார். ஆகவே பெரியப்பாக்களே, அத்தைகளே, நோட்டில் எழுதி பீரோவில் வைப்பது பாவம் இல்லை. உங்கள் பீரோவைத் திறக்க அந்தத் திருடன் அரியாங்குப்பத்துக்கு வர வேண்டும். போனில் படம் பிடித்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதும்தான் தப்பு.

என் கணக்கு எப்படித் திரும்பியது என்று பலர் கேட்டீர்கள். மீட்பதற்கான செல் எண்ணாக நான் கொடுத்திருந்தது, ரீசார்ஜ் செய்யாமல் என்றோ விட்டுவிட்ட பழைய சிம். அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ! நல்லவேளையாக, மாற்று மின்னஞ்சலாக மகளின் முகவரியைக் கொடுத்திருந்தேன். திருடன் அதை மாற்றியிருந்தாலும், சில நாள் வரை பழைய முகவரிக்கும் குறியீடு அனுப்ப வழி இருந்தது. நான் வழக்கமாகப் பயன்படுத்தும் வீட்டுக் கணினியிலிருந்தே முயன்றதும் உதவியது. யார் வீட்டுக் கணினியிலோ, வெளியூரிலோ முயன்றால் சந்தேகம் கூடும்.

உள்ளே போன பிறகுதான் அவன் சாமர்த்தியம் தெரிந்தது. உங்கள் பதில் கடிதங்கள் எல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி அமைப்பில் ஒரு விதி எழுதி வைத்திருந்தான். நீங்கள் பதில் போட்டால் என் முகவரிக்கு வராமல், ஒரே ஒரு எழுத்து வேறுபட்ட இன்னொரு முகவரிக்குப் போகும்படி செய்திருந்தான். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருந்தால், அவன் உள்ளேயே இருந்திருப்பான்.

எனவே இதைச் செய்யுங்கள். இன்றே.

1. மீட்பு எண்ணும் மாற்று முகவரியும் இப்போது உங்கள் கையில் இருப்பவைதானா என்று பாருங்கள். இதைத் தொலைத்த பிறகு செய்ய முடியாது.

2. மின்னஞ்சலுக்கு என்று தனிப் பாஸ்வேர்டு. வேறு எங்கும் அது கூடாது. பல கணக்குகளின் "மறந்துவிட்டேன்" கடிதமும் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது வீட்டின் தலைவாசல்.

3. இரண்டு படி சரிபார்ப்பைப் போடுங்கள். அப்போது தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும்.

4. கடிதத்தில் வரும் இணைப்பைத் தொட்டுப் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். நீங்களே முகவரியை அடித்துப் போய்ப் பாருங்கள். ஓ.டி.பி.யைக் கேட்கிறவன் யாராக இருந்தாலும் திருடன்.

5. கணக்கு பறிபோனால், மீட்ட பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். அனுப்பி வைக்கும் விதிகள், வடிகட்டும் விதிகள், பதில் முகவரி மூன்றையும் பாருங்கள். "கணக்கை மீட்டுத் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அது இரண்டாவது திருட்டு.

6. பணம் போனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். வெட்கப்பட்டு மறைத்தால் அவனுக்குத்தான் லாபம்.

அந்த மாணவியின் பணம் இன்னும் வரவில்லை. புகார் நடக்கிறது. நான் கொடுத்ததை அவர் வாங்க மறுத்தார். அவர் மகள் பெயரில் போட்டுவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பணத்தை விட அவர் சொன்ன வார்த்தைதான் இன்னும் குத்துகிறது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் "கேள்வி கேளுங்கள், கேட்டால்தான் வரலாறு புரியும்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். என்னை மட்டும் கேட்காதீர்கள் என்று எப்போது சொன்னேன்? பாண்டியன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பது கோவலன் உயிரோடு இருக்கும்போதே தெரிந்திருக்கும். மரியாதை வேறு, விசாரிக்காமல் நம்புவது வேறு.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சொல் வைத்திருக்கிறோம். அவசரம் என்று யார் பெயரில் என்ன வந்தாலும், குரலே நம் வீட்டுக் குரலாக இருந்தாலும், அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. பேத்திக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சொல்லை இங்கே எழுத மாட்டேன். வாத்தியார் ஒருமுறைதான் ஏமாறுவார்.

என் பெயரில் இனி என்ன வந்தாலும் போன் போட்டு, "சார், நீங்கதானா?" என்று கேளுங்கள். கோபப்பட மாட்டேன். சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்,
அரியாங்குப்பம்.